எங்கே இருக்கிறது நொதி? புறாவின் மார்புத்தசையும் ஓர் இடவினாவின் வரலாறும்

(நீண்ட பதிவு. உயிர்வேதியியல், விலங்கியல், அறிவியல் தமிழ் பயிலும் மாணவர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.)

'என்சைம்' என்னும் சொல்லுக்குள் ஓர் இடப்பொருள் ஒளிந்திருக்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில் இச்சொல்லை ஆக்கியபோது, 'உள்ளே' எனப் பொருள்படும் கிரேக்க முன்னொட்டையும், ஈஸ்டைக் குறிக்கும் கிரேக்கப் பெயரையும் இணைத்தார். 'ஈஸ்டினுள் உள்ளது' என்பதே அதன் சொற்பொருள். நாம் வழங்கும் 'நொதி' என்னும் சொல் நொதித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஈழத்து வழக்கான 'நொதியம்' என்பதும் அவ்வாறே. வினை தமிழுக்கு வந்துவிட்டது; 'உள்' வரவில்லை. இதனை மொழியாக்கத்தின் குறை என்று கொள்ள வேண்டியதில்லை. நொதியியலே தன் பெயரிலிருந்த அந்த 'உள்'ளை நெடுங்காலம் மறந்திருந்தது. அது எவ்வாறு மறக்கப்பட்டது, தசையணுவின் ஆய்வில் எவ்வாறு மீண்டும் நினைவுக்கு வந்தது என்பதே இப்பதிவின் பொருள். அவ்வரலாற்றின் முக்கியமான இயல் ஒன்று 1950களில், அன்றைய பம்பாய் மாநிலத்தின் எல்லைக்குள் எழுதப்பட்டது. மும்பையில் வாழும் தமிழ் மாணவர் அதனை அறிந்திருப்பது நலம்.

1. நொறுக்கிப் பெற்ற அறிவு

1897இல் எடுவார்ட் பூக்னர் ஈஸ்ட் அணுக்களை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, அணு எதுவும் எஞ்சாத சாற்றைப் பெற்றார். அச்சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்தது. உயிருள்ள அணு முழுமையாக இருந்தால்தான் நொதித்தல் நிகழும் என்ற கொள்கை அன்றோடு வீழ்ந்தது. உயிர்வேதியியல் என்னும் துறைக்கு வாயில் திறந்தது இந்த ஆய்வே. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தது. நொதியை அறிய வேண்டுமானால் அணுவை உடைக்க வேண்டும். உடைத்த பின் 'என்ன இருக்கிறது', 'எவ்வளவு இருக்கிறது' என்னும் இரு வினாக்களுக்கு விடை கிடைக்கும். 'எங்கே இருந்தது' என்னும் மூன்றாம் வினாவுக்கான சான்று அரைக்கும் கல்லிலேயே அழிந்துவிடும்.

தசையின் ஆற்றல் வேதியியல் முழுவதும் இப்பழக்கத்தின் வழியே வளர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1923இல் பாஸ்டன் சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து பாஸ்பரசை அளக்கும் நிறமுறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். மாலிப்டினச் சேர்மம் நீலமாகும் அளவைக் கொண்டு பாஸ்பேட்டின் அளவை அறியும் முறை அது. தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் எதிர்பார்த்த வேகத்தில் தோன்றாமல் தாமதமாகத் தோன்றியது. அத்தாமதத்தைப் பிழையென்று தள்ளிவிடாமல் தொடர்ந்து சென்றதால், அமிலத்தில் எளிதில் சிதையும் ஒரு சேர்மம் தசையில் உண்டு என்று கண்டனர். 1927இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியேட்டின் அதுவே. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகில்டன் இணையரும் அச்சேர்மத்தைத் தனியே கண்டிருந்தனர். 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் ஒருபுறமும், ஃபிஸ்க்-சுப்பாராவ் இணை மறுபுறமும் ஏடிபி என்று நாம் இன்று சுருக்கி வழங்கும் மூலக்கூற்றைக் கண்டறிந்தனர். தசையின் ஆற்றல் நாணயம் கிடைத்துவிட்டது. அந்த நாணயம் அணுவின் எந்த மூலையில் அச்சிடப்படுகிறது, எந்த மூலையில் செலவாகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அமிலத்தில் கரைத்தெடுத்த சாற்றில் மூலைகள் இல்லை.

புறாவின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1937இல் ஹான்ஸ் கிரெப்சும் வில்லியம் ஜான்சனும் சிட்ரிக் அமிலச் சுழற்சியை நிறுவியபோது அவர்கள் கையிலிருந்த பொருள், நறுக்கிக் கூழாக்கிய புறா மார்புத்தசை. அல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் அதற்குச் சற்று முன் அதையே பயன்படுத்தியிருந்தார். காரணம் எளியது: இடைவிடாது சிறகடிக்க வேண்டிய அத்தசை ஆக்சிஜனை மிக விரைவாக உட்கொள்ளும், கூழாக்கிய பின்னும் அந்த வேகம் சில நேரம் நீடிக்கும். தாதர் கபூதர்கானாவைக் கடந்து அன்றாடம் கல்லூரிக்குச் செல்லும் மாட்டுங்கா மாணவர், பாடநூலில் தாம் மனனம் செய்யும் அச்சுழற்சி அப்பறவையின் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. அச்சுழற்சியும் வட்டமாக வரையப்பட்ட ஒரு வேதியியல் வரிசைதான். அணுவின் படத்தில் அவ்வட்டத்தை எங்கே வரைவது என்பதற்குக் கூழில் விடை இல்லை.

2. பார்த்துப் பெற்ற அறிவு

உடைப்பவர்கள் ஒருபுறம் இருக்க, பார்ப்பவர்களின் மரபு ஒன்று தனியே வளர்ந்துவந்தது. 1857இல் ஆல்பர்ட் கோலிக்கர் தசைநார்களுக்கிடையே வரிசையாக அமைந்த மணிகளை விவரித்தார். பின்னர் பூச்சித் தசையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, நீரில் அவை உப்புவதையும் கண்டார். குஸ்தாஃப் ரெட்சியஸ் 1890இல் அவற்றைச் சார்கோசோம், அதாவது 'தசையுடல்', என்றழைத்தார். பிற அணுக்களிலும் இத்தகைய மணிகள் உண்டென்று கண்ட கார்ல் பெண்டா 1898இல் மைட்டோகாண்ட்ரியன் என்னும் பெயரிட்டார். 'மைட்டோஸ்' இழை, 'காண்ட்ரியன்' சிறுமணி. நம் கலைச்சொல்லாக்கத்தில் வந்த 'இழைமணி' என்பது அதன் துல்லியமான பெயர்ப்பு. பெண்டா கண்ட உருவம் அப்படியே தமிழில் நிற்கிறது. ஆனால் உருவத்தைக் கண்டவர்களுக்கு அதன் தொழில் தெரியவில்லை. தொழிலை அளந்தவர்களுக்கு உருவம் தெரியவில்லை. இவ்விரு மரபுகளும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒன்றையொன்று அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் நடந்தன.

இடையில் அவை சந்தித்த தருணங்கள் சில உண்டு. ஓட்டோ வார்பர்க் 1913இல், கல்லீரல் அணுக்களை உடைத்தபின் மூச்சுவினை சாற்றிலன்றி மணிகளோடு ஒட்டியே செல்கிறது என்று காட்டினார். 1925இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் நிறமாலைநோக்கியை உயிருள்ள பூச்சியின் சிறகுத் தசையின் மேல் வைத்துப் பார்த்தார். நான்கு கரும்பட்டைகள் தெரிந்தன. தசை உழைத்து ஆக்சிஜன் குறைந்தபோது அவை தோன்றின. ஆக்சிஜன் மிகுந்தபோது மறைந்தன. அந்நிறமிக்கு அவர் இட்ட பெயர் சைட்டோகுரோம். 1880களில் சார்லஸ் மக்மன் என்னும் மருத்துவர் இதையே கண்டு அறிவித்திருந்தும், ஹோப்பே-சைலர் என்னும் பெரும் வேதியியலாளரின் மறுப்பால் அது புதைந்துபோயிருந்தது. கெய்லினின் சோதனையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: தசை உடைக்கப்படவில்லை. நொதி தன் இருப்பிடத்தில் இருந்தபடியே தன் தொழிலைக் காட்டியது.

இந்தச் சைட்டோகுரோம் வழியாக மும்பைக்கு ஒரு கிளை வருகிறது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கமலா சோஹோனி, கேம்பிரிட்ஜில் ராபின் ஹில்லோடு பணியாற்றி, உருளைக்கிழங்குத் திசுவில் சைட்டோகுரோம்-சி உண்டென்று காட்டி 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். தசைக்கு உரியதெனத் தொடக்கத்தில் காணப்பட்ட மூச்சு நிறமி தாவர அணுவிலும் இருக்கிறது என்பது உயிரின் ஒருமையைக் காட்டிய சான்று. பின்னாளில் அவர் பம்பாய் அறிவியல் கழகத்தில் பேராசிரியராகவும் இயக்குநராகவும் விளங்கினார்.

அதே 1939இல் மாஸ்கோவில் எங்கெல்ஹார்ட்டும் லூபிமோவாவும் இன்னொரு திகைப்பூட்டும் இடத்தைக் காட்டினர். ஏடிபியைப் பிளக்கும் நொதி எங்கோ சாற்றில் மிதக்கவில்லை. சுருங்கும் புரதமான மயோசினே அந்த நொதி. எரிபொருளை எரிக்கும் அடுப்பும் அசையும் சக்கரமும் ஒரே பொருள் என்றானது. 'எங்கே' என்னும் வினா வெறும் முகவரி வினா அன்று, பொறியின் இயக்கத்தையே விளக்கும் வினா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை.

3. சுழற்றிப் பிரித்த அறிவு

1948இல் ஹோகிபூம், ஷ்னைடர், பலாடே ஆகிய மூவரும் செறிந்த சர்க்கரைக் கரைசலில் அணுவை மெதுவாக உடைத்து, மையவிலக்கியில் சுழற்றி, இழைமணிகளை வடிவு குலையாமல் பிரித்தெடுத்தனர். தொடர்ந்து 1949இல் கென்னடியும் லெனிஞ்சரும் கொழுப்பமிலங்களின் எரிதலும் கிரெப்ஸ் சுழற்சியும் அந்த இழைமணிகளுக்குள்ளேயே நிகழ்கின்றன என்று காட்டினர். பார்த்தவர்களின் மணியும் உடைத்தவர்களின் வட்டமும் ஒன்று சேர்ந்தன. 1951இல் வாட்டனபேயும் வில்லியம்சும் பூச்சியின் பறப்புத் தசையிலுள்ள சார்கோசோம்கள் இழைமணிகளே என்று நிறுவினர்.

ஆயினும் மையவிலக்கி ஒரு புதிய மயக்கத்தைத் தந்தது. சுழற்றிய பின் அடியில் தங்கியவை 'இழைமணி நொதிகள்' ஆயின. மேலே தெளிநீராக நின்றதில் சர்க்கரையைப் பிளக்கும் கிளைகோலிசிஸ் நொதிகள் இருந்தன. எனவே அவை 'கரையும் நொதிகள்' என்று பெயர் பெற்றன. 'கரையும்' என்பது உடைத்த பின் நிகழ்ந்ததன் விவரிப்பு. அதுவே உடைக்குமுன் இருந்த நிலையின் விவரிப்பாகவும் படிக்கப்பட்டது. ஒரு பெயரெச்சத்தை நிலைத்த பண்பாகப் படிக்கும் பிழை இது. ஒரு தெருவே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பின் மிதந்து வந்தவர்களைப் பார்த்து, 'இவர்கள் எப்போதும் மிதந்துகொண்டே வாழ்ந்தவர்கள்' என்று சொல்வதைப் போன்றது அது.

4. பரோடா: வெட்டுத்துண்டின் மேல் நிறம்

இச்சூழலில்தான் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை வருகிறது. 1949இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகம், 1960 மே 1ஆம் நாள் குஜராத் தனி மாநிலமாகும் வரை, பம்பாய் மாநிலத்துக்குள் இருந்தது. அங்கே ஜே.சி. ஜார்ஜ் தம் மாணவர்களோடு பறவைகளின் பறப்புத் தசையை ஆராய்ந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட முதன்மை விலங்கு கிரெப்சின் அதே புறா. தசையும் அதே மார்புத்தசை. ஆனால் அவர்கள் அதைக் கூழாக்குவதோடு நிற்கவில்லை. உறையவைத்து மெல்லிய துண்டுகளாகச் சீவினர்.

அவ்வாறு சீவிய துண்டில் நொதியின் இருப்பிடத்தைக் காண ஒரு வழி அதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1939இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோமோரியும் ஜப்பானில் தகமட்சுவும், ஒருவரையொருவர் சாராமல், பாஸ்படேஸ் என்னும் நொதி தான் இருக்கும் இடத்திலேயே கரையாத படிவை உண்டாக்கச் செய்யும் முறையை வெளியிட்டிருந்தனர். கருத்து இதுதான்: நொதியை நம்மால் பார்க்க இயலாது, அதன் செயலைப் பார்க்கலாம். அதற்குரிய வினைப்பொருளைத் துண்டின் மேல் ஊற்றினால், வினை நடக்கும் புள்ளியில் மட்டும் நிறம் படியும். கிரெப்ஸ் சுழற்சியின் சக்சினேட் டிஹைட்ரஜனேசுக்கு டெட்ராசோலியம் உப்பு பயன்பட்டது. சக்சினேட்டிலிருந்து நொதி பறிக்கும் எலக்ட்ரான்களை அந்த உப்பு ஏற்று, நீரில் கரையாத நிறப்பொருளாக அங்கேயே தங்கிவிடும். நிறம் அடர்ந்த இடம் நொதி மிகுந்த இடம். இதற்கு மின்னணு நுண்ணோக்கி தேவையில்லை. உறைநிலைச் சீவுபொறியும், சில வேதிப்பொருள்களும், ஒளி நுண்ணோக்கியும், பொறுமையும் போதும்.

1958இல் 'நேச்சர்' இதழில் அக்குழுவின் குறுங்கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஜார்ஜும் ஆர்.எம். நாயக்கும் எழுதியவை, புறாவின் மார்புத்தசை ஒரே சீரானதன்று, இரு வகை நார்களின் கூட்டு என்பதை எரிபொருளின் அளவிலும் இழைமணியின் அளவிலும் காட்டின. குறுகிய சிவப்பு நார்களில் கொழுப்பும் இழைமணிகளும் நிறைந்திருந்தன. அகன்ற வெள்ளை நார்களில் கிளைகோஜன் நிறைந்திருந்தது, இழைமணிகள் அருகியிருந்தன. ஜார்ஜும் ஸ்கேரியாவும் கொழுப்பைப் பிளக்கும் லைபேஸ் நொதியின் செயலை அதே தசையில் நிறப்படிவாகக் காட்டினர். 1961இல் ஜார்ஜும் தலேசராவும் இரு வகை நார்களிலும் ஆக்சிஜனேற்ற நொதிகளையும் லைபேசையும் அளவிட்டு, நிறம் சொன்னதை எண்ணாலும் உறுதி செய்தனர்.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். தசையின் எரிபொருள் சர்க்கரையே என்பது அதற்கு முந்தைய தசை வேதியியலின் பொதுநோக்கு; தவளையின் கால்தசையைத் துடிக்கவைத்து லாக்டிக் அமிலத்தை அளந்த மரபு அது. டென்மார்க்கின் டோர்கெல் வைஸ்-ஃபோ 1952இல் வெட்டுக்கிளி நெடும்பறப்பில் கொழுப்பை எரிக்கிறது என்று காட்டியிருந்தார். பறவையின் தசையில் கொழுப்பும், அதைப் பிளக்கும் நொதியும், பிளந்ததை எரிக்கும் நொதியும் ஒரே குறுகிய நாருக்குள் ஒன்றாக அமைந்திருப்பதைக் காட்டியது பரோடா. விறைந்தெழும் நொடிநேரப் பாய்ச்சலுக்கு வெள்ளை நார். மணிக்கணக்கான பறத்தலுக்குச் சிவப்பு நார். ஒரே தசைக்குள் இரு பொருளாதாரங்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைக் கூழால் ஒருநாளும் தந்திருக்க முடியாது. அரைத்த மார்புத்தசை இரு நார்களின் சராசரியை மட்டுமே சொல்லும். அச்சராசரிக்கு உரிய நார் எதுவும் புறாவின் உடலில் இல்லை. புள்ளிவிவரத்தைக் கையாளும் எத்துறை மாணவருக்கும் இது பாடமாகும்.

ஜார்ஜின் ஆய்வகம் குளிர்காலத்தில் மேற்கிந்தியாவுக்குக் கூட்டங்கூட்டமாக வரும் சூறைக்குருவியையும் எடுத்துக்கொண்டது. வலசைக்கு முன் பறவை ஏன் கொழுக்கிறது என்னும் சூழலியல் வினாவும், கொழுப்பை எரிக்கும் நொதி எந்த நாரில் உள்ளது என்னும் அணுவியல் வினாவும் அங்கே ஒன்றாயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் முனைப்பில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தை 1959இல் தொடங்கியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரே பத்தாண்டில், ஒரே மாநிலத்தில், ஒரு குழு 'இப்பறவை எங்கே போகிறது' என்று கேட்டது. மற்றொரு குழு 'அப்பறவையைக் கொண்டுபோகும் நொதி எங்கே இருக்கிறது' என்று கேட்டது. ஜார்ஜ் 1963இல் 'பாவோ' என்னும் பறவையியல் இதழைத் தொடங்கினார். ஆண்ட்ரூ பெர்கரோடு இணைந்து எழுதிய 'ஏவியன் மையாலஜி' 1966இல் வெளிவந்தது. 1967இல் அவர் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

நிறமுறைக்கும் எல்லை உண்டு. நிறப்பொருள் படியுமுன் சற்றே நகர்ந்தால், நொதி இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றும். துண்டை ஊறவைக்கும்போது இறுகப் பற்றாத நொதிகள் கழுவப்பட்டுவிடும். இழைமணியின் உட்சவ்வில் பொதிந்த சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் இம்முறைக்கு ஏற்றது. கிளைகோலிசிஸ் நொதிகள் அவ்வளவு ஏற்றவையல்ல. ஆகவே எந்த நாரில் என்னும் வினாவுக்குத் தெளிவாகவும், நாருக்குள் எந்த நுண்ணிடத்தில் என்னும் வினாவுக்கு ஓரளவாகவுமே அது விடையளித்தது. அடுத்த படியைப் பிறர் ஏறினர்.

5. நாருக்குள் நுண்ணிடங்கள்

ஜெர்மனியில் டீட்டர் பெட்டேயின் குழு 1968-69இல், 'கரையும்' என்று பெயர் பெற்ற கிளைகோலிசிஸ் நொதிகள் பல, தசையின் மெல்லிழைப் புரதங்களோடு பற்றிக்கொள்ளும் தன்மை உடையவை என்றும், வரித்தசையில் ஐ-பட்டைப் பகுதியில் செறிந்து காணப்படுகின்றன என்றும் காட்டியது. பற்று மென்மையானது, உப்புச் செறிவு மாறினாலே விட்டுவிடும். அதனால்தான் உடைத்தவுடன் அவை கரைந்து வந்தன.

கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் கதை இன்னும் சுவையானது. சுப்பாராவின் பாஸ்போகிரியேட்டினை ஆக்குவதும் பிளப்பதும் அதுவே. 1964இல் ஜேக்கப்ஸ், ஹெல்ட், கிளிங்கன்பெர்க் ஆகியோர் அதன் ஒரு வடிவம் இழைமணியில் உண்டெனக் கண்டனர். 1973இல் டர்னர், வாலிமன், எப்பன்பெர்கர் ஆகியோர் அதன் வேறொரு வடிவம் தசைநாரின் நடுவேயுள்ள எம்-கோட்டில், மயோசின் இழைகளின் அருகே, அமைந்திருப்பதைக் காட்டினர். ஒரு முனை ஏடிபி ஆக்கப்படும் இடம். மறுமுனை அது செலவாகும் இடம். இழைமணியில் ஆன ஏடிபியின் பாஸ்பேட் அங்கேயே கிரியேட்டினிடம் கைமாறும். பாஸ்போகிரியேட்டினாகத் தசைநாரை அடையும். அங்கே மீண்டும் ஏடிபி ஆகும். பெஸ்மனும் கைகரும் 1981இல் இதனைத் தறியின் ஓடத்துக்கு ஒப்பிட்டு விளக்கினர். 1927இல் சாற்றில் கண்ட சேர்மத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வழித்தடம் கிடைத்தது. வேதிவினை இரு முனைகளிலும் ஒன்றே. எந்தத் திசையில் அது நடக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் அவ்விடத்தின் சூழலுக்கும் பங்குண்டு.

இடம் என்பது வெறும் அலங்காரமா, தேவையா என்னும் ஐயத்தைப் பழ ஈ ஒன்று தீர்த்துவைத்தது. 1997இல் வோய்டாஸ், சல்லிவன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு அது. ஈயின் பறப்புத் தசையில் கிளைகோலிசிஸ் நொதிகள் பல, இசட்-தட்டிலும் எம்-கோட்டிலும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. அவ்வமைப்புக்குக் கிளிசரால்-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி தேவை. அந்நொதியின் வாலில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் இல்லாத வடிவத்தை மட்டும் ஈயில் வைத்தபோது, நொதியின் செயல்திறன் குறையவில்லை. ஆனால் அது தன் இடத்தில் அமரவில்லை. அதனோடு சேர்ந்த மற்ற நொதிகளும் இடம்பெயர்ந்தன. அணுவில் எல்லா நொதிகளும் உரிய அளவில், உரிய திறத்தோடு இருந்தன. ஈயால் பறக்க முடியவில்லை.

'என்ன', 'எவ்வளவு' ஆகிய இரு வினாக்களுக்கும் அங்கே குறையில்லாத விடை இருந்தது. குறை மூன்றாம் வினாவில் இருந்தது.

6. நமக்கு இதில் என்ன?

முதலாவது, மருத்துவத்தில் இடப்பெயர்ச்சியே நோய்க்குறி. தசையணுவுக்குள் இருக்க வேண்டிய நொதி குருதியில் காணப்பட்டால் அணுவின் சவ்வு சிதைந்துவிட்டது என்று பொருள். 1954இல் லாடூ, ரோப்ளெவ்ஸ்கி, கார்மன் ஆகியோர் மாரடைப்புக்குப் பின் குருதியில் டிரான்சமினேஸ் உயர்வதைக் காட்டினர். 1959இல் ஜப்பானில் எபாஷி குழுவினர் தசைச்சிதைவு நோயில் கிரியேட்டின் கைனேஸ் குருதியில் மிகுவதைக் கண்டனர். மாரடைப்பை அறிய இன்று டிரோப்போனின் முதலிடம் பெற்றுவிட்டது. அதுவும் தன் இடத்தை விட்டு வெளியேறிய தசைப்புரதமே. தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரின் குருதி அறிக்கையில் 'சி.பி.கே.' என்னும் எழுத்துகளைக் கண்டால், அது பாஸ்போகிரியேட்டினைக் கையாளும் நம் நொதியின் பழைய பெயர்ச் சுருக்கம். அறிக்கை கேட்கும் வினா 'எவ்வளவு' என்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது 'எங்கே' என்னும் வினா. அந்நொதி தசையில் எவ்வளவு மிகுந்திருந்தாலும் நோயில்லை; குருதியில் அளவு மீறினால் கவலை.

இரண்டாவது, கல்வி. 'கிளைகோலிசிஸ் சைட்டோபிளாசத்தில், கிரெப்ஸ் சுழற்சி இழைமணியில்' என்று ஈரடியில் மனனம் செய்கிறோம். பிழையன்று, ஆனால் தசையைப் பொறுத்தவரை மிகக் குறைவு. சைட்டோபிளாசம் என்பது கலக்கிய நீர்க்குடம் என்னும் படிமத்தை அவ்வரி மாணவர் மனத்தில் விதைக்கிறது. அதற்கு மாற்றாகப் புறாவின் சிவப்பு நாரையும் வெள்ளை நாரையும் பக்கத்துப் பக்கமாக வரைந்து, நிறம் படிந்த இடங்களைக் காட்டி, இதைக் கண்டவர்கள் பரோடாவில் இருந்தனர் என்று ஒரு வரி சேர்த்தால், மாணவருக்கு உயிரியலும் கிடைக்கும். இந்நாட்டு ஆய்வகம் ஒன்றில் எளிய கருவிகளைக் கொண்டு கூர்மையான வினாவைக் கேட்க முடியும் என்னும் துணிவும் கிடைக்கும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் செம்பூர், தாராவி மாணவர்களுக்கு இரண்டாவது மிகத் தேவையானது.

மூன்றாவது, மொழி. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையை வினை நிகழும் இடம், நிலம், காலம் ஆகியவற்றுக்கு உரியதாக்கி, அதன் பொருளை உணர்த்தும் சொற்களாகப் பத்தொன்பதை அடுக்குகிறது. அகம், உள், மேல், இடை, அயல், சார் ஆகியவை அவற்றுள் அடங்கும். இடத்தை இத்தனை நுட்பமாகப் பகுத்த மொழியில், நொதிகளின் இருப்பிடத்தை எல்லாம் 'அணுவில் உள்ளது' என்று ஒரே உருபால் எழுதிச் செல்வது வறுமையாகும். ஹெக்சோகைனேஸ் இழைமணிச் சவ்வின் மேல். சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் உட்சவ்வின் அகத்தே. இழைமணிக் கிரியேட்டின் கைனேஸ் இரு சவ்வுகளின் இடையே. ஆல்டோலேஸ் மெல்லிழையைச் சார்ந்து. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வோர் ஆய்வின் முடிவு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இட்டால் அறிவியலே மாறிவிடும். அறிவியல் தமிழ் என்றால் பெயர்ச்சொற்களை ஆக்குவது என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். இடச்சொற்களைச் சரியாகக் கையாள்வது அதற்குக் குறைந்த பணியன்று. அதற்குப் புதிய சொல் எதையும் ஆக்க வேண்டியதுமில்லை.

நொதிக்குத் தமிழில் பெயரிட்டபோது 'உள்' என்பது விடுபட்டுப்போனது என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். பெயரை மாற்றக் கோரவில்லை. 'நொதி' நிலைத்துவிட்ட நல்ல சொல். அச்சொல்லை வாக்கியத்தில் வைக்கும்போதெல்லாம் அதன் பக்கத்தில் ஓர் இடச்சொல்லையும் சேர்த்து எழுதுவோம் என்பதே என் வேண்டுகோள். விலங்கியல், உயிர்வேதியியல் நண்பர்கள் தம் பாடக்குறிப்புகளில் இதனைச் செய்து பார்த்து, எங்கே சொல் போதவில்லை என்று பின்னூட்டத்தில் தெரிவித்தால் அடுத்த பதிவில் அவற்றைத் தொகுத்து விவாதிக்கலாம்.